வேப்பந்தோப்பு வகுப்பறை: பல்கலைக்கழகக் கட்டடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நூலகத்துக்குப் பின்னுள்ள வேப்பந்தோப்பில் திறந்தவெளி வகுப்பறையும் மன்றமும் அமையவிருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் கவலை வந்தது. சுற்றிலும் திறந்த வட்ட மண்டபம், உயரத்தில் தகரக் கூரை, நடுவில் மேடை. திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும். சித்திரை வெயிலில் காலை 11 மணிக்கு அதில் பாடம் நடத்த முடியாது.

வட்டத்தின் நடுவில் நிற்கும் ஆசிரியர் எப்போதும் பாதிப்பேருக்கு முதுகு காட்டித்தான் பேசவேண்டும். மண்டபம் கிழக்கு மேற்காக நீளட்டும். மேற்கில் மட்டும் ஒரு முழுச் சுவர் எழுப்பி, கரும்பலகையை அதில் பதியுங்கள். அந்த ஒரே சுவர் பிற்பகல் வெயிலை மறைக்கும்; குரலை மாணவர் பக்கம் திருப்பும்; பலகைக்குப் பின்னால் கண் கூசும் வானம் தெரியாது. காலை வெயிலை வேம்புகள் பார்த்துக்கொள்ளும். தாழ்வாரத்தைத் தெற்கே மட்டும் இறக்கினால் போதாது. ஆனி மாத நண்பகலில் நம் ஊர்ச் சூரியன் வடக்கே அல்லவா நிற்கிறது!

தகரம் வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழையில் அதன் அடியில் பக்கத்திலிருப்பவர் பேச்சே கேட்காது. பனங்கைச் சட்டத்தில் ஓடு வேயலாம். தரைக்கு வழவழப்பான கிரானைட்டும் ஆகாது, சாரலில் வழுக்கும். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்கவேண்டும். அதைப் பின்புறம் ஒளிக்காமல் முன்வாசலிலேயே வையுங்கள்.

எல்லாவற்றையும்விட, வேர்களைக் காப்பாற்றுங்கள். தொடர் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் வெட்டினால் வேர் அறுபடும். மரம் உடனே பட்டுப்போகாது. சில ஆண்டுகள் கழித்து ஒரு பெருங்காற்றில் சாயும். அன்று யாரும் இந்தப் பள்ளத்தை நினைக்கமாட்டார்கள். தூண்களுக்குத் தனித்தனிக் குழி போதும். வேர் குறுக்கிட்டால் தூணை நகர்த்துங்கள். மேற்குச் சுவர் தோப்பின் விளிம்பில் வரட்டும். 1901இல் சாந்திநிகேதனில் தாகூர் பள்ளி தொடங்கியபோது மரநிழலையே வகுப்பறையாக்கினார். 2023இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம்மிடமும் நிழல் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கெடுக்காத கட்டடம்தான் தேவை.

மாலையில் இதைப் பூட்டிவிடாதீர்கள். விடுதி மாணவர்கள் நாடக ஒத்திகைக்கும் பறைப் பயிற்சிக்கும் இடமின்றி அலைகிறார்கள். விளக்கும் மின்இணைப்பும் இருந்தால் இரவு 9 மணிவரை அவர்களுக்குப் பயன்படும்.

ஒப்பந்தப்புள்ளி கோருமுன் அதே அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கீற்றுப் பந்தல் கட்டி ஒரு மாதம் வகுப்புகள் நடத்திப் பார்க்கலாம். என் காலை வகுப்புகளை அங்கே மாற்றிக்கொள்ள நான் தயார்.

அன்புடன்,
உங்கள் வளாகத்து ஆசிரியர் ஒருவர்