அண்ணன் காலைப் பார்த்து நின்றால்

தக்கலை

மக்களே,

லீவுக்கு வந்தால் மார்த்தாண்டத்தில் மாமியார் வீட்டிலேயே தங்கிக்கிடுவேன் என்றாய். கைப்பிள்ளைக்காரி, பயம் இருக்கத்தான் செய்யும். போன தடவை கோயில் கொடைக்குச் செண்டை முழங்கினபோது அண்ணன் வீசின தட்டு உன் நெற்றியை ஒட்டித்தானே போனது. அதை நானும் மறக்கவில்லை.

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா" என்றுவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு டீச்சர் அண்ணனுக்கு உள்ளங்கால் பயிற்சி பழக்கித்தந்தார். கோபம் வந்தால் கவனத்தை உள்ளங்காலுக்குக் கொண்டுபோகிற பயிற்சி. நிர்பய் சிங் என்கிற மனோதத்துவ ஆராய்ச்சிக்காரரும் கூட இருந்தவர்களும் 2003-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களாம். அடிதடியால் வெளியே விட முடியாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்த ஒரு மனவளர்ச்சி குன்றியவருக்கு இதைப் பழக்கியிருக்கிறார்கள். 6 மாதம் யாரையும் அடிக்காமல் இருந்து வெளியே வந்தவர், அடுத்த 1 வருஷம் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையாம். ஒரே ஒரு ஆள் கதை என்று நர்ஸ் நீ சொல்வாய். சரிதான். ஆனால் நம்ம வீட்டிலும் ஒரே ஒரு ஆள்தானே.

"கோபப்படாதே" என்று 34 வருஷமாகச் சொன்னேன். கோபம் கையில் பிடிக்கிற சாமானமா, அவன் கீழே வைக்க? உள்ளங்கால் அப்படியில்லை, தொட்டால் தெரியும். இரண்டு காலும் தரையில் பதிய நிற்கணும், மூச்சு அதுபாட்டுக்குப் போகணும். கோபத்தை விரட்ட வேண்டாம். கால்விரலை அசைத்து, குதிகால் தரையில் படுவதைக் கவனித்து, மனசு அடங்கும்வரை அங்கேயே இருக்கணும். கோபம் இல்லாத நேரத்தில் தினமும் பழகணும். அதுதான் பாடு! முதல் மாதம் காலைக் காட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தான். செருப்புப் போட்டால் இன்னும் வராது, வெறுங்காலோடு துவைகல்லில் ஏறி நிற்பான்.

நானும் கூடப் பழகுகிறேன். ஆட்டிசப் பிள்ளைகளின் அம்மாமாருக்கு இதுபோல் கவனப் பயிற்சி கொடுத்தபோது பிள்ளைகளின் முரட்டுத்தனம் குறைந்ததாக அதே சிங்கும் வேறு சிலரும் 2006-ல் எழுதியிருக்கிறார்களாம். என் சத்தம் குறைந்தது என்று அப்பா சொல்கிறார், அவர் சொல்வதை நம்பலாமோ என்னவோ.

மாத்திரையை நிறுத்தவில்லை. போன வாரம்கூட சாயா கிளாஸ் ஒன்று உடைந்தது.

நீ வந்தால், அவன் குனிந்து காலைப் பார்த்து நின்றால் பேச்சுக் கொடுக்காதே, கையைப் பிடிக்காதே. பிள்ளையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போ, நான் கூப்பிடுகிறேன். ராத்திரி தங்க வேண்டாம், மத்தியானம் மரச்சீனிக்கிழங்கும் மீனும் தின்றுவிட்டுப் போ.

தேதியை மட்டும் முன்னாலேயே சொல்லு. காலண்டரில் வட்டம் போட்டு அவனுக்குத் தினமும் காட்டணும்.

அம்மா