பின்பக்கத்துக்கும் சேர்த்து நன்றி

அன்புடையீர்,

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்தில் கை எம்பிராய்டரி போடுகிற நாங்கள், பூவேலை போட்ட சிறு துணித் துண்டுகளை மற்றவர்களோடு மாற்றிக்கொள்வது வழக்கம். எங்களுடைய துண்டுகள் எல்லாம் இந்த முறை மாற்றிக்கொண்டவர்கள் கைக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. வாங்கியவர் வீட்டில் முதல் சலவை கண்ட பிறகும் சாயம் ஓடாமல், துணி சுருங்காமல், நூல் அவிழாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்க வைத்தவர்களில் பாதிப் பேர் ஊசியே பிடிக்காதவர்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் யார் என்ன செய்து கொடுத்தார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறோம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் உதவும்.

கோடவுன் தெருத் துணிக்கடை அண்ணனுக்கு முதல் நன்றி. எல்லோரும் ஒரே தானிலிருந்து (சுருட்டி வைத்த முழு நீளத் துணியிலிருந்து) கேஸ்மென்ட் என்ற பருத்தித் துணியை எடுங்கள் என்றது அவர்தான். தானுக்குத் தான் நெசவின் நெருக்கம் மாறும். ஒருவர் துண்டு விறைப்பாகவும் இன்னொருவருடையது தொளதொளவென்றும் இருந்தால், வாங்குகிறவருக்கு இரண்டையும் சேர்த்து ஒரு மேசை விரிப்பாக்கக்கூட முடியாது. துணியை நனைக்காமல் வெட்டக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும், மேலே போட்ட நூல் அந்த அளவு சுருங்காது. துணி இழுத்துக்கொள்ள நூல் அப்படியே நிற்க, பூவைச் சுற்றி அலை அலையாகக் கொசுவம் விழுந்துவிடும். பிறகு எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அது போகாது.

36 அங்குல அகலத் துணியில் 12க்கு 12 என்று கணக்குப் போட்டால் மீட்டருக்கு 9 துண்டு வர வேண்டும். நனைத்துக் காயவைத்து, இரண்டு பக்கக் கரையையும் நீக்கிவிட்டால் 12 கிடைக்காது. 11 என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். அதே 9 துண்டு, சச்சரவு இல்லை. நடுவில் 8 அங்குலம் டிசைனுக்கு, சுற்றி ஒன்றரை அங்குலம், துணியை இறுக்கிப் பிடிக்கும் மர வளையம் மாட்டவும் மடித்து அடிக்கவும். மூலையில் வேலை செய்யும்போது மட்டும் அந்த ஒன்றரை போதாது. பழைய வேட்டித் துண்டொன்றை ஓரத்தில் ஓட்டுத் தையலில் இணைத்துக்கொண்டு வளையத்தில் மாட்டினால் சரியாக இறுகும். கத்தரிக்கும் முன் ஊடை நூல் ஒன்றை உருவி, அந்தத் தடத்திலேயே வெட்டினால் கோணல் வராது.

அடுத்து, டிசைன் அச்சு போட்டுக் கொடுத்த டிரேசிங் பாய்க்கு. பொடி விற்ற காசைத் தவிர எங்களிடம் அவர் ஒன்றும் வாங்கவில்லை, வேலையை மறைக்கவும் இல்லை. டிரேசிங் தாளில் வரைந்த கோட்டின் மேல் ஊசியால் குத்திக்கொண்டே போக வேண்டும். ஓட்டை ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் போதும். ரொம்ப நெருக்கிக் குத்தினால் தாள் தபால்தலை மாதிரி கோட்டோடு கிழிந்துவிடும். குத்திய தாளின் வழவழப்பான பக்கம் மேலே இருக்க, துணியில் நான்கு மூலையிலும் குண்டூசி குத்த வேண்டும். நீலப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சை அதில் தொட்டு, பிழிந்து, வட்டமாகத் தேய்க்க வேண்டும். கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பஞ்சில் ஈரம் கூடினால் எண்ணெய் தாளுக்கு அடியில் படர்ந்து, கோடு கோடாக விழ வேண்டியது தீற்றலாகிவிடும். “பஞ்சைப் பாத்தா நனைஞ்சிருக்கணும், தொட்டா காஞ்சிருக்கணும்” என்பது அவர் கணக்கு. தாளை முழுவதும் தூக்குவதற்கு முன் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். விழாத இடத்தில் மறுபடி தேய்க்கலாம். ஒருமுறை எடுத்துவிட்டால் அதே இடத்தில் திரும்ப வைப்பது நடக்காத காரியம். கறுப்புத் துணிக்கு நீலத்துக்குப் பதில் வெள்ளை ஜிங்க் பொடி. வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தாளைத் துடைத்து வைக்காவிட்டால், ஓட்டையெல்லாம் பொடி அடைத்துக்கொண்டு அடுத்த முறைக்கு ஆகாது. ஒழுங்காகத் துடைத்த தாள் டஜன் கணக்கான துண்டுகளுக்கு உழைக்கும்.

தண்ணீரில் அழியும் நீலப் பேனாவை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடு முழுவதும் குளிர்ந்த நீரில் கரைந்து போகும் வரை இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் அது பழுப்பாகி அங்கேயே தங்கிவிடும்.

சௌகார்பேட்டையில் நூல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு நாங்கள் பட்ட கடன் கொஞ்சமல்ல. ஆங்கர் என்ற பெயரில் வரும் எம்பிராய்டரி நூல் கட்டு ஒன்றில் 8 மீட்டர், ஆறு இழை. இரண்டு இழையாகப் பிரித்துப் போட்டால் 24 மீட்டர் தைக்கலாம் என்று கணக்குப் போட்டு, தேவைக்கு மேல் வாங்க விடாமல் தடுத்த கடைக்காரரை வேறெங்கும் காண்பது கடினம். ஒரே நம்பராக இருந்தாலும் சாயம் போட்ட தடவை மாறினால் நிறத்தில் மெல்லிய வித்தியாசம் வரும் என்பதால், ஒரு துண்டுக்கு வேண்டிய கட்டுகளை ஒரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நூலை அட்டையில் சுற்றும்போது காகித லேபிளைக் கழற்றுவதற்கு முன்பே நம்பரை அட்டையில் எழுதிவிட வேண்டும். வெட்டும் நீளம் ஒரு முழம், சுமார் 45 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் துணிக்குள் போய் வந்தே நூல் பஞ்சு பறந்து மங்கிவிடும். இழைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிறகு சேர்த்துக்கொண்டால், இதழை நெருக்கமான நீள இழைகளால் நிரப்பும் சாட்டின் தையல் பளபளவென்று படியும். சேர்த்தே உருவினால் முறுக்கு அப்படியே நின்று மேடு பள்ளமாகும்.

சாயம் ஓடும் விஷயத்தில் பழைய வண்ணாரப்பேட்டைச் சலவைக்காரப் பெரியவர் சொன்னதே கடைசி வார்த்தை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த பேட்டை இது. அந்தத் தொழிலறிவு இன்னும் அவர் கையில் இருக்கிறது. சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றையும் அவர் நம்புவதேயில்லை. நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் பொதிந்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்த நூலைத் தைப்பதற்கு முன்பே தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் கட்டும் என்ற பேச்சை அவர் சிரித்துத் தள்ளுகிறார். ஓடுவது நூலில் ஒட்டாமல் மிச்சமிருக்கும் சாயம், அது வெளியே போய்த்தான் தீர வேண்டும். தைத்த பிறகு ஓடிவிட்டால் பதறிப் பிழியக் கூடாது, காயவிடவும் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் அப்படியே கிடக்கட்டும். நிறம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். காய்ந்து இஸ்திரியும் பட்டுவிட்டால் கதை முடிந்தது. கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர். இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரில் அலசினால் வெள்ளைத் துணி நாளாவட்டத்தில் மஞ்சள் பூக்கும்.

பின்பக்கம் பார்த்துக் கொடுத்த காசிமேட்டு ஆயாவுக்கு இந்த மடலில் தனி இடம். துண்டை வாங்கினால் முன்பக்கம் பார்க்கவே மாட்டார், நேராகத் திருப்புவார். முடிச்சோடு ஆரம்பித்த இடத்தை விரலால் தடவியே கண்டுபிடிப்பார். முடிச்சு இருந்தால் இஸ்திரியிலும் கண்ணாடிச் சட்டத்திலும் முன்பக்கம் புடைத்துத் தெரியும். நுனியை நான்கைந்து தையலுக்கு அடியில் நுழைத்து முடிப்பதே முறை. ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குக் கறுப்பு நூலை அப்படியே தாண்டவிட்டால் வெள்ளைத் துணியில் நிழல் விழும், அரை அங்குலத்துக்கு மேல் தாண்டக் கூடாது. சாட்டின் தையல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் வளையலில் மாட்டும் என்பதால் இதழை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் குட்டி முடிச்சான பிரெஞ்சு நாட் அடிக்கடி துணிக்குள் விழுந்துவிடுகிறது என்று புகார் சொல்கிறவர்களுக்கு அவர் பதில் ஒன்றுதான்: ஏறிய ஓட்டையிலேயே இறங்காதே, ஒரு நூல் தள்ளி இறங்கு. நூலைப் பல சுற்றுச் சுற்றி நீளமாகப் படியவைக்கும் புல்லியன் நாட்டுக்கு, காது பருக்காத நீள ஊசி வேண்டும். சாதாரண எம்பிராய்டரி ஊசியில் சுற்றினால் காதருகே சுற்று இறுகி நின்றுவிடும்.

வளையத்தின் உள் மரத்தில் அரை அங்குலப் பருத்தி நாடா சுற்றித் தந்த தச்சருக்கும் நன்றி. பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றினால் 6 அங்குல வளையத்துக்கு இரண்டரை மீட்டர்வரை பிடிக்கும். துணி வழுக்காது, மரத்தின் கறையும் படாது. ராத்திரி துணியை வளையத்திலேயே விட்டுவைக்காதீர்கள், ஊசியைத் துணியில் குத்தியும் வைக்காதீர்கள். கடற்காற்றில் ஊசி துருப்பிடிக்க நாள் கணக்கு வேண்டாம்.

எண்ணிப் போடும் கிராஸ் ஸ்டிச் துண்டுகளுக்குக் கட்டம் சரிபார்த்த கல்லூரித் தம்பி தங்கைகளே, 112 கட்ட டிசைன் 14 கவுன்ட் ஐடாவில் (அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில்) 8 அங்குலம் வரும், 11 கவுன்ட்டில் 10 அங்குலத்தைத் தாண்டிவிடும் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லாவிட்டால் சிலருடைய துண்டு எல்லைக்கு வெளியே போயிருக்கும்.

சட்டம் போட்டுத் தந்த கடைக்காரர் பசை தொடவே இல்லை. துணியை அட்டைமேல் இழுத்து, பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நூல் கோத்து இறுக்கினார். கண்ணாடி தையலை அழுத்தாமலிருக்க ஓரத்தில் அட்டைப் பட்டை வைத்தார். சுருட்டி அனுப்பிய துண்டுகளுக்குத் தானின் நடுவிலிருக்கும் அட்டைக் குழாயை இலவசமாகக் கொடுத்தது முன்னே சொன்ன துணிக்கடை அண்ணன். தையல் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, முதலில் பழைய வெள்ளைத் துணி சுற்றி, அதற்கு மேல்தான் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் நேராகப் பட்டால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

வெளியூர்க்காரர்களில் இருவர். தார்வாடிலிருந்து, கசூட்டி என்ற கர்நாடகத் தையல் போட்ட துண்டை வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி, ஊசியோடு அனுப்பிய அம்மையாருக்கு நன்றி. முடிச்சில்லாமல் போன தையல் எப்படித் திரும்பி வந்து இடைவெளியை நிரப்புகிறது என்பது முடிந்த துண்டில் தெரியாது. நீலகிரியிலிருந்து தோடர் பழங்குடியினரின் பூத்தையலை அனுப்பிய தங்கைக்கும் நன்றி. அச்சில்லை, வளையமில்லை, துணியின் நூலை எண்ணியே சிவப்பும் கறுப்பும் போகின்றன. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், நகலெடுத்து அந்தப் பெயரில் மாற்றிக்கொள்ளவோ விற்கவோ எங்களில் யாருக்கும் உரிமை இல்லை என்றே கருதுகிறோம்.

டிரேசிங் பாயின் குத்திய தாள்கள் துடைத்துப் பத்திரமாக எங்களிடம் இருக்கின்றன. வேண்டுகிறவர்கள் வாங்கிப்போய் அதே நிலையில் திருப்பித் தரலாம். அடுத்த முறை ஒவ்வொரு துண்டோடும் ஒரு சீட்டு கட்டாயம்: நூல் நம்பர், எத்தனை இழை, துணி நனைத்ததா, சாயம் சோதித்ததா. கூடவே பயன்படுத்திய ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மீட்டர் நூல், பிரிந்தால் வாங்கியவர் சரிசெய்துகொள்ள. சீட்டு இல்லாத துண்டை ஆயா வாங்க மாட்டார்.

இப்படிக்கு,
வடசென்னையில் கைத்தையல் போடுகிறவர்கள்