தொலைக்காட்சியின் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் விருது மேடையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரதேச செயலகங்களின் பண்பாட்டு விழாக்களிலும் மாகாண மட்டத்தில் நடைபெறும் கலைஞர் கௌரவிப்புகளிலும் எழுத்தாளர்கள், நாடகக் கலைஞர்கள், இசைக் கலைஞர்கள், அறிவிப்பாளர்கள், ஊடகவியலாளர்கள் எனப் பலரும் பொன்னாடை போர்த்தி மதிக்கப்படுகிறார்கள். இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தொலைக்காட்சியில் கமராவுக்குப் பின்னால் நிற்பவருக்கும், ஒலியைச் சீர்செய்பவருக்கும், ஒளியமைப்பவருக்கும், படத்தைத் தொகுப்பவருக்கும் அந்த மேடைகளில் தனியான இடம் எதையும் நான் கண்டதில்லை. ஊடகத்துறை என்ற ஒரே பிரிவுக்குள் அவர்களையும் அடக்கிவிடுகிறோம். அந்தப் பிரிவுக்குரிய விருதோ பெரும்பாலும் திரையில் முகம் தெரிபவரிடமே போய்ச் சேருகிறது. இந்தக் குறையைத் தங்கள் பத்திரிகை வாயிலாக உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாட்கள் நடைபெறுகிறது. வீட்டை விட்டு வெளியே வர இயலாத முதியவர்களும் புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் நம் உறவுகளும் அதனை நேரடி ஒளிபரப்பிலேயே தரிசிக்கிறார்கள். பல காலம் சங்கீதம் கற்பித்தவன் என்பதால் அந்த ஒளிபரப்பை நான் பார்ப்பதிலும் பார்க்கக் கேட்பதே அதிகம். சுவாமி வீதி உலா வரும்போது நாதஸ்வரம், தவில், மணியோசை, அடியார்களின் அரோகரா ஒலி, வர்ணனையாளரின் குரல் ஆகிய அனைத்தும் ஒரே வேளையில் எழுகின்றன. தவிலில் விழும் அடி கணப்பொழுதில் உச்சத்துக்குச் சென்று அடங்குவது. அதற்கேற்ப ஒலியளவைக் குறைத்தால் நாதஸ்வரத்தின் கமகங்கள் கேட்காமற் போகும். நாதஸ்வரத்துக்கேற்பக் கூட்டினால் தவிலடி உடைந்து கரகரக்கும். இயந்திரமே பார்த்துக்கொள்ளட்டும் என்று தன்னியக்கக் கட்டுப்பாட்டிடம் விட்டாலோ ஒவ்வோர் அடிக்கும் நாதஸ்வரம் அமுங்கி அமுங்கி எழும். ஒரே சுரத்தில் இழுத்து நிறுத்தும் நீண்ட கார்வை ஒன்று துண்டு துண்டாகிவிடும். இந்த இக்கட்டை அறிந்த ஒலிக் கலைஞர், எந்த வாத்தியத்துக்கு எவ்வளவு தூரத்தில் ஒலிவாங்கியை வைப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்கிறார். ஆலாபனை முடிந்து தவில் எடுக்கப்போகும் இடத்தை முன்கூட்டியே உணர்ந்து கையை நகர்த்துகிறார். வர்ணனையாளர் பேச வாயெடுக்கும்போது வாத்தியத்தைத் தணித்து, அவர் நிறுத்தியதும் யாரும் கவனிக்காதபடி மீண்டும் உயர்த்துகிறார். இசையறிவு இல்லாத ஒருவரால் இதனைச் செய்ய முடியாது. அளவெட்டியிலும் இணுவிலிலும் வளர்ந்த நாதஸ்வர, தவில் மரபைக் கொண்டாடும் நாம், அந்த மரபை மெல்பேர்ணிலும் ரொறன்ரோவிலும் இருப்பவரின் காதுக்குப் பழுதின்றிக் கொண்டு சேர்ப்பவரைக் கலைஞராகக் கருதாமல் இருப்பது நியாயமல்ல.

தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவரை நேரில் கேட்டிராத தலைமுறையினரும் இன்று அவரது வாசிப்பைக் கேட்டு வியக்கிறார்கள் என்றால், அன்று ஒலிவாங்கியுடன் அருகில் இருந்தவர்களே அதற்குக் காரணம். அவர்களுடைய பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

படத்தொகுப்பும் அவ்வாறானதே. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் ஒருவர் அரை மணி நேரம் பேசியதைச் சில நிமிடங்களாகச் சுருக்க வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் அந்தத் தாய் சொல்லவந்த கருத்தும் அவருடைய மானமும் தங்கியிருக்கின்றன. அவர் சொல்லை நிறுத்தி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கும் அந்த இடைவெளியை வீண் நேரம் என்று நீக்காமல் விட்டுவைப்பதும், அதே இடத்தில் சோக இசையைச் சேர்க்காமல் இருப்பதும் மனச்சாட்சியோடு எடுக்கப்படும் முடிவுகள். அந்த முடிவை எடுத்தவரின் திறமையை எடைபோட நம்மிடம் ஒரு விருதுப் பிரிவு இல்லை.

உலகில் இது புதிய கோரிக்கை அன்று. அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கான எமி விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்ட 1949ஆம் ஆண்டிலேயே, விரல்விட்டு எண்ணக்கூடிய விருதுகளுள் ஒன்று பொறியியல் சாதனை ஒன்றுக்கு அளிக்கப்பட்டது. அணு ஒன்றை ஏந்தி நிற்கும் சிறகுடைய பெண்ணாக அந்த விருதுச் சிலையை வடிவமைத்தவரும் லூயிஸ் மக்மானஸ் என்ற தொலைக்காட்சிப் பொறியியலாளரே. பிரித்தானியாவில் திரைப்பட, தொலைக்காட்சி விருதுகளை வழங்கும் பாஃப்டா அமைப்பு 2000ஆம் ஆண்டு முதல் தொலைக்காட்சித் தொழில்நுட்பக் கலைகளுக்கெனத் தனி விழாவே நடத்திவருகிறது. அதில் நாடகங்களுக்கான ஒலியமைப்பும் உண்மை நிகழ்ச்சிகளுக்கான ஒலியமைப்பும் வெவ்வேறு பிரிவுகள். நமது நாட்டிலும் 1995 முதல் வழங்கப்படும் சுமதி விருதுகளில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்றவற்றுக்கு இடமுண்டு. ஆயினும் அவை பெரும்பாலும் சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களைச் சுற்றி அமைந்தவை. நம் பகுதியின் நேரடி ஒளிபரப்புகளும் செய்தி விவரணங்களும் அந்த வட்டத்துக்குள் வருவதில்லை.

வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே இங்கு இறக்குமதி செய்ய வேண்டும் என்று நான் கூறவில்லை. இங்கு ஒரே இளைஞர்தான் மோட்டார் சைக்கிளில் கமராவைக் கொண்டுபோய்ப் படம்பிடித்து, ஒலியையும் பதிவுசெய்து, இரவில் அதனைத் தொகுத்தும் கொடுக்கிறார். எனவே பிரிவுகள் நம் வேலை முறைக்கேற்ப அமைய வேண்டும். திருவிழா மற்றும் வெளிக்கள நேரடி ஒளிபரப்புக்கு ஒன்று, இசை நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுக்கு ஒன்று, தனியொருவர் படம்பிடித்துத் தொகுத்த செய்தி விவரணத்துக்கு ஒன்று என முதலில் மூன்று பிரிவுகள் போதும். தனி விழாவும் தேவையில்லை. எமி விருதுகளிலேயே தொழில்நுட்பப் பிரிவுகளிற் பெரும்பாலானவை பிரதான விழாவுக்கு முன்னதாக வேறு நாட்களில் வழங்கப்பட்டு, உலகம் பார்ப்பது நடிகர்கள் வரும் இரவையே என்றாகிவிட்டது. நம் ஊரில் கவிஞருக்கும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கும் மாலை சூட்டும் அதே மேடையில், அதே நேரத்தில் இவர்களும் அழைக்கப்பட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நடுவர் தெரிவு. எமி விருதுகளுக்கான நியமனங்களில் ஒலித்துறையினரின் வேலையை ஒலித்துறையினரும், தொகுப்பாளரின் வேலையைத் தொகுப்பாளர்களுமே மதிப்பிடுகிறார்கள். இங்கும் துறையில் அனுபவமுள்ள மூத்தவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை கற்பிப்போர் இருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தையும் சிபாரிசுக் கடிதத்தையும் பார்த்து அன்றி, நிகழ்ச்சியை முழுமையாகப் பார்த்தும் நல்ல ஒலிக்கருவியில் கேட்டும் அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இவற்றுக்கு நிதியும் நிருவாகத் தீர்மானமும் வேண்டும் என்பதை உணர்கிறேன். அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நிகழ்ச்சி முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் வாசிக்கக்கூடிய வேகத்தில், அதன்மேல் விளம்பரத்தை ஏற்றாமல் காண்பிக்கலாம். நேரடி ஒளிபரப்புகளின் முடிவிலும் அவ்வாறே பெயர்களைக் காட்டலாம். தங்கள் பத்திரிகையும் திருவிழா ஒளிபரப்புப் பற்றிய செய்திகளில் வர்ணனையாளரின் பெயருடன் ஒலி, ஒளிப்பதிவுக் கலைஞர்களின் பெயர்களையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை சங்கீத ஆசிரியர்,
இணுவில்.