மட்டக்களப்புப் புளியந்தீவைச் சுற்றிக்காட்டும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமி எழுதுகிறேன். போன ஞாயிறு உன் படகில் அந்த மூன்று வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு நானும் வந்தேனே, அன்றிலிருந்து மனதில் கிடப்பதை இப்போதுதான் எழுத முடிந்தது.

நீ நன்றாகப் பேசுகிறாய். 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது என்று வருடம் பிசகாமல் சொன்னாய். ஆனால் படகு கரை சேரும்வரை நம் ஆள் ஒருவர்கூட அந்தக் கதைக்குள் வரவில்லை மனே. ஒல்லாந்தரோடு சேர்ந்து வந்த கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனையே நீ விட்டுவிட்டாய். வெள்ளைக்காரன் போன பிறகும் நெடுங்காலம் நம் கச்சேரி, அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகம், அதே கோட்டை மதிலுக்குள்தான் இருந்தது. அவர்கள் ஆண்ட வாசலுக்கே நாங்களும் மனுவோடு போய்வந்தோம். அதையும் சொல்லேன்.

அன்று காலை உங்கள் குசினியில் வாங்கில் உட்கார்ந்து பாணும் போஞ்சிக் கறியும் சாப்பிட்டோம். படகில் ஏறும்போது நீ சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தாய். குசினி, வாங்கு, பாண், சப்பாத்து நாலும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். போஞ்சியும், அலுவலகத்துக்கு நாம் சொல்லும் கந்தோரும் ஒல்லாந்தருடையவை. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பார், கண்கள் விரியும்.

அப்புறம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த நம் பறங்கியர். வீட்டுக்குள் இன்னமும் போர்த்துக்கேயத்தின் ஒரு கிளைமொழியைப் பேசுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். தச்சு வேலையும் இரும்பு வேலையும் அவர்களுக்குக் கைவந்த கலை. எங்கள் வீட்டு அலுமாரி ஒரு பறங்கித் தச்சர் செய்தது. கதவு இன்றும் சத்தமில்லாமல் சாத்துகிறது. உங்கள் பாஷையில் அலுமாரிக்கு என்ன பெயர் என்று சின்ன வயதில் அவரைக் கேட்டேன். கிட்டத்தட்ட நீ சொல்கிறதுதான் என்று சிரித்தார். கடலோரத்து டச்பாரில் இருந்த அவருடைய சனத்தில் எத்தனையோ பேரை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவர்களைப் பற்றி உன் படகில் ஒரு வார்த்தை இல்லை என்பதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது.

உல்லாசப் பயணிகள் வரட்டும், உன் பிழைப்பும் நடக்கட்டும், சரி. ஆனால் பாசிக்குடாக் கடற்கரையைப் பார்த்தாய்தானே? யுத்தம் முடிந்து ஹோட்டல்கள் எழும்பின, தோணி இழுத்து வைக்கும் கரை சுருங்கியது. புளியந்தீவு நடந்தே சுற்றிவிடக்கூடிய சின்னத் தீவு. இங்கே அப்படி ஒன்று நடந்தால் நம் சனம் எங்கே ஒதுங்கும்?

இன்னொன்று. 1924இல் கல்லடிப் பாலத்துக்கு ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரை வைத்தார்கள். நாம் கல்லடிப் பாலம் என்றே சொல்லி வந்தோம். அந்தப் பக்கத்து வாவியில் தண்ணீருக்கடியிலிருந்து கேட்கும் பாட்டைப் பற்றி எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கில அதிகாரி எழுதினார் என்று நீ சொன்னது உண்மைதான். ஆனால் அவருக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர்கள் இங்கத்து மீனவர்கள். ஓட்டுக்குள் வாழும் ஊரி என்ற உயிர்தான் பாடுகிறது என்று சொன்னவர்களும் அவர்கள்தான். அவருடைய பெயர் நிற்கிறது. இவர்களுடைய பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை.

வரும் பூரணைக்கு நானும் வருகிறேன். பாலத்தடியில் இஞ்சினை நிறுத்து. துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியில் காதை வைக்கச் சொல். உன் மாமா எனக்கு அப்படித்தான் காட்டினார். ஈர மரம் கன்னத்தில் குளிரும். கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. அப்புறம் ஏதோ தந்தியை மெல்லத் தட்டியதுபோல உள்ளே ஒரு அதிர்வு வரும். அப்போது நீ ஒன்றும் பேசாதே. அவர்கள் கேட்டு முடித்த பிறகு மீனவர்களைப் பற்றிச் சொல்லு.

மாமாவின் மரத்துடுப்பு எங்கள் விறாந்தையில் சாத்தியபடி இருக்கிறது. பூரணைக்கு முன்னம் வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
மாமி