ரகுவுக்கு, ஃபென்வே டிக்கெட் பற்றி

அன்புள்ள ரகு,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. காரணம் சொன்னாலும் நீ நம்பப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மணி சொன்னான். சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் மணியின் பொறுப்பில் விடாதே. அவன் பொறுப்பில் விட்ட ஸ்கோர் புத்தகம் என்ன கதியானது என்று உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் நீயும் கயலும் பாஸ்டன் வருகிறீர்கள், பேட்ரியட்ஸ் டே ஆட்டத்துக்கு டிக்கெட் வேண்டும் என்கிறாய். அதுவரை சரி. ஆனால் கயலுக்குக் காட்டப்போவதாக, பாஸ்டன் பேஸ்பால் அணி ரெட் சாக்ஸின் நட்சத்திரம் டேவிட் ஓர்டீஸ் பேசும் வீடியோவை அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "ஒரே ஒரு கெட்ட வார்த்தை, ஊரே குணமாகிவிட்டது" என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இப்படியா கதை சொல்வது?

முதலில் நாளைச் சரியாகப் பிடித்துக்கொள். பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது 2013 ஏப்ரல் 15, திங்கள். நீ பார்க்கும் வீடியோ ஏப்ரல் 20, சனி. நடுவில் ஐந்து நாள் இருக்கிறது. அந்த ஐந்து நாளை விட்டுவிட்டால் அந்தப் பேச்சு வெறும் பஞ்ச் டயலாக்தான்.

பேட்ரியட்ஸ் டே என்பது ஏப்ரல் மூன்றாவது திங்கள். அன்றைக்கு மட்டும் ரெட் சாக்ஸ் ஆட்டம் காலை பதினொன்று சுமாருக்கே தொடங்கிவிடும். அதற்குக் காரணம் மாரத்தான். ஹாப்கின்டனில் கிளம்பும் ஓட்டம் 26.2 மைல் ஓடி பாய்ல்ஸ்டன் தெருவில் முடிகிறது. ஒரு மைல் பாக்கி இருக்கும்போது கென்மோர் சந்திப்பைக் கடக்கிறது. ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் அப்படியே தெருவுக்கு வந்து ஓடுகிறவர்களுக்குக் கைதட்டும். வருஷா வருஷம் இதுதான் வழக்கம். அன்றும் அப்படித்தான் நடந்தது. மைக் நெப்போலி கடைசி இன்னிங்கில் ஒரு டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓடவிடும் அடி) அடித்து டம்பா பேயை 3-2 என்று முடித்தார், ஜனங்கள் வெளியே வந்தார்கள். 2:49-க்கு முதல் குண்டு. சுமார் பன்னிரண்டு வினாடி கழித்து, அதே தெருவில் கொஞ்சம் தள்ளி, இரண்டாவது. பிரஷர் குக்கருக்குள் வெடிமருந்தும் ஆணியும் சின்ன இரும்புக் குண்டுகளும் அடைத்து, முதுகுப் பையில் வைத்துத் தரையில் விட்டிருந்தார்கள். தரையோடு வெடித்ததால் அடி பெரும்பாலும் காலில். மூன்று பேர் இறந்தார்கள், அதில் ஒருவன் எட்டு வயதுப் பையன். காயம் 260 பேருக்கு மேல். காலை இழந்தவர்கள் மட்டும் 17 பேர்.

இதில் கயலுக்குச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது, அது பேஸ்பாலே இல்லை. ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேர்ந்த ஒருவர்கூட இறக்கவில்லை. அதிசயம் என்று சொல்லி நகர்ந்துவிடாதே, ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. மாரத்தான் என்பதால் ஓட்டம் முடியும் கோட்டின் பக்கத்திலேயே மருத்துவக் கூடாரம் தயாராக இருந்தது. தசைப்பிடிப்புக்கும் நீர்ச்சத்துக் குறைவுக்கும் வந்திருந்த டாக்டர்களும் நர்சுகளும் அடுத்த நிமிஷமே காயம் பார்த்தார்கள். பெரிய விபத்துச் சிகிச்சை மையங்கள் பல சில மைலுக்குள். ஒரே இடத்தில் குவிக்காமல் ஆளைப் பிரித்து அனுப்பினார்கள். மணி மூன்றை நெருங்கியதால் ஷிஃப்ட் மாறும் நேரம், காலை ஆட்களும் இருந்தார்கள், மதிய ஆட்களும் வந்துவிட்டார்கள். விடுமுறை நாள் என்பதால் அவசரமில்லாத ஆபரேஷன்களும் குறைவு. இதற்கெல்லாம் முன்னால், தெருவில் நின்றிருந்த சாதாரண ஆட்கள் பெல்ட்டையும் சட்டையையும் கிழிந்த துணியையும் வைத்துத் தொடையை இறுக்கிக் கட்டினார்கள். பெல்ட்டால் கட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. இறுக்கம் போதாவிட்டால் ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை அடைபடும், ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி அடைபடாது. ரத்தம் நிற்பதற்குப் பதில் இன்னும் கொட்டும். அகலமான துணியைக் கட்டி, முடிச்சுக்குள் ஒரு குச்சியைச் செருகித் திருகினால்தான் பிடிக்கும். ஊரைக் காப்பாற்றியது எது என்று கேட்டால் இதைச் சொல். ஓர்டீஸ் அப்போது ஆடவேகூட இல்லை, குதிகால் தசைநாண் காயத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அணி கிளீவ்லாந்து போனது. அங்கே வீரர்கள் அமரும் இடத்தில் 617 என்று எண் போட்ட ஒரு சட்டையைத் தொங்கவிட்டார்கள். 617 பாஸ்டனின் தொலைபேசிக் குறியீடு. நியூயார்க்கில் யாங்கீஸ் மைதானத்தில், ஃபென்வேயில் வழக்கமாகப் போடும், பாடகர் நீல் டயமண்டின் பாட்டைப் போட்டார்கள். இந்த இரண்டு அணிக்கும் உள்ள பகை உனக்குத் தெரியாது. நம் தெருவில் சுந்தரம் சார் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் இருந்ததே, அதைப் பத்தால் பெருக்கிக்கொள்.

வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். முந்தின இரவு எம்ஐடி வளாகத்தில் ஒரு காவலர் சுட்டுக்கொல்லப்பட்டார். வாட்டர்டவுனில் துப்பாக்கிச் சண்டை, அதில் குண்டு வைத்த இரண்டு பேரில் ஒருவன் செத்தான், இன்னொருவன் தப்பினான். பாஸ்டன், கேம்பிரிட்ஜ், நியூட்டன் எல்லாம் வீட்டை விட்டு வெளியே வராதே என்றார்கள். ரயில் இல்லை, பஸ் இல்லை. அன்று ராத்திரி நடக்கவிருந்த கன்சாஸ் சிட்டி ஆட்டம் தள்ளிப்போனது. இருட்டிய பிறகுதான் ஒரு வீட்டின் பின்பக்கம் நிறுத்தியிருந்த படகுக்குள் அந்தத் தப்பியவன் பிடிபட்டான். மறுநாள் மதியமே ஆட்டம். பகல் முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த ஊர், தூங்கி எழுந்ததும் முப்பத்தைந்தாயிரம் பேராக ஒரு மைதானத்துக்குள் போகிறது. அந்த வீடியோவில் கேட்கிறதே ஒரு இரைச்சல், அது இந்த இருபத்துநாலு மணி நேரத்தின் இரைச்சல். இன்னொன்று, ஃபென்வே திறந்ததும் ஏப்ரல் 20 தான், 1912-இல். அன்றைக்கு அதற்கு 101 வயது முடிந்தது. ஆனால் யாருக்கும் கேக் வெட்டும் மனநிலை இல்லை.

சொந்த மைதானச் சட்டையில் எப்போதும் 'ரெட் சாக்ஸ்' என்றுதான் இருக்கும். ஊர்ப் பெயர் வெளியூர்ச் சட்டையில்தான் வரும். அன்று வெள்ளைச் சட்டையில் 'பாஸ்டன்' என்று அச்சிட்டிருந்தார்கள். இறந்தவர்களின் படம் திரையில், மௌனம், போலீஸ்காரர்கள், ஓட்டக்காரர்கள். மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளியபடி வருஷா வருஷம் இந்த மாரத்தான் ஓடிய டிக் ஹாய்ட்டும் மகன் ரிக்கும்கூட மைதானத்தில் இருந்தார்கள். அப்புறம்தான் ஓர்டீஸ் மைக்கைப் பிடித்தது. 'இது நம் ஊர்' என்றார், நடுவில் அந்தக் கெட்ட வார்த்தையோடு. பேச்சு ஒரு நிமிஷம்கூட வராது. நேரலையில் அந்த வார்த்தை அப்படியே ஒலிபரப்பாகிவிட்டது. ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைவரே ஓர்டீஸ் பக்கம் நிற்பதாக ட்விட்டரில் எழுதினார். அபராதம் போட வேண்டியவரே அப்படிச் சொன்னது நல்ல வேடிக்கைதான். சரி, பேச்சும் நல்ல பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் அங்கேயே வீடியோவை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதுதான் எரிச்சல்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் ஆட்டம் நடந்தது, ரகு. சாதாரண ஆட்டம். ரெட் சாக்ஸுக்கு கிளே பக்ஹோல்ஸ் பந்து வீசினார். ஒன்பது இன்னிங்கில் எட்டும் அவரே. அந்தக் காலத்திலேயே அது அபூர்வம். நூறு பந்தைத் தாண்டினால் தோளைக் காப்பாற்ற ஆளை மாற்றிவிடுவார்கள். ஆனால் பாஸ்டனுக்கு ரன் அவ்வளவாக வரவில்லை. எட்டாவது இன்னிங் பாதி முடிந்தபோது கன்சாஸ் சிட்டி 2, பாஸ்டன் 1. கூட்டம் அழுது முடித்து, ஹாட் டாக் தின்று முடித்து, இப்போது கவலைப்பட ஆரம்பித்திருந்தது. எந்தக் கவலை? பந்தைப் பற்றிய கவலை. அதைத்தான் சொல்ல வருகிறேன். ஐந்து நாளில் முதல்முறையாக அவர்களுக்கு அற்பமான ஒரு கவலை கிடைத்தது.

அந்த இடைவேளையில் நீல் டயமண்ட் நேரில் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை, தானே வந்து பாடலாமா என்று கேட்டாராம். ரெட் சாக்ஸ் தொப்பி போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியில் ஓடும் ரெக்கார்டோடு சேர்ந்து பாடினார். சுருதி அங்கங்கே விலகியது. சுந்தரம் சார் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். அங்கே ஒருவரும் கவலைப்படவில்லை.

பாட்டு முடிந்து பாஸ்டன் ஆட வந்தது. கன்சாஸ் சிட்டிக்கு கெல்வின் ஹெரேரா, மணிக்கு நூறு மைலை ஒட்டி எறிகிறவர். பந்து எறியும் பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து மட்டைக்காரர் பக்கம் வரை அறுபது அடி ஆறு அங்குலம். அந்த வேகத்தில் பந்து வந்து சேர நாலில் ஒரு பங்கு வினாடிக்கும் அரை வினாடிக்கும் நடுவில்தான். அதில் பாதி நேரத்துக்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். பந்து தரையில் பட்டு எழும்பாது, உன் சேப்பாக்கம் மாதிரி ஆடுகளத்தைப் படித்துக்கொண்டு நிற்க முடியாது. பாஸ்டன்காரர் இரண்டு பேர் பேஸில் (ஓடும் பாதையின் நிறுத்தங்களில்) இருக்க, டேனியல் நாவா வந்தார்.

யார் இந்த நாவா? கல்லூரி அணியிலேயே இடம் கிடைக்காமல் சாமான் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். அணிகள் புது வீரர்களைப் பொறுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2010-இல் முதன்முதலாகப் பெரிய லீகில் சந்தித்த முதல் பந்தையே கிராண்ட் ஸ்லாமாக (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) அடித்து, அதோடு காணாமல் போய், மறுபடி வந்தவர். இரண்டு கையாலும் ஆடுவார். ஹெரேரா வலது கைக்காரர் என்பதால் இடது கையால் நின்றார். வலது கை எறிகிற பந்து இடது கை ஆட்டக்காரரின் பக்கமாக உள்ளே வரும், கண்ணுக்கு முன்கூட்டியே பிடிபடும். பந்து வலது பக்கமாகப் பறந்து வேலிக்கு அப்பால் போனது. ஹோம் ரன். பேஸில் இருந்த இருவரும் அவரும் சேர்ந்து மூன்று ரன், 4-2. பந்து காற்றில் இருக்கும்போது வர்ணனையாளர் டான் ஓர்சிலோ, இது உங்களுக்காக என்று பாஸ்டனிடம் சொன்னார். ஒன்பதாவதில் லொரென்சோ கெய்ன் திருப்பி ஒரு ஹோம் ரன் அடித்து 4-3 ஆக்கிவிட்டார், இன்னும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கிவிட்டுத்தான் ஆட்டம் முடிந்தது.

ஓர்டீஸ் அடித்திருந்தால் சினிமா. ஊரே எதிர்பார்த்தது அவரை. அடித்தது நாவா. எழுதி வைத்தபடி நடக்கவில்லை என்பதால்தான் அந்த மூன்று ரன்னை ஜனங்கள் நம்பினார்கள் என்பது என் எண்ணம். நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும். 2008 சேப்பாக்கத்தை இழுப்பாய். மும்பைத் தாக்குதல் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஊர் போன இங்கிலாந்து அணி திரும்பி வந்து ஆடியது, 387 துரத்தல், டெண்டுல்கரின் 103, வெற்றி அடியிலேயே சதம். ஒப்புக்கொள்கிறேன், அங்கே கதாநாயகனே அடித்தார், அப்படியும் யாரும் நம்பாமல் இல்லை. ஆனால் மும்பைக்கும் சேப்பாக்கத்துக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஃபென்வேயிலிருந்து அந்தத் தெருவுக்கு ஒரு மைல். அன்று பாய்ல்ஸ்டனில் தடயம் தேடுகிறவர்களுக்காகப் போட்ட தடுப்பு இன்னும் எடுக்கப்படவில்லை.

'குணமாகிவிட்டது' என்ற சொல்லை மட்டும் கயலிடம் சொல்லாதே. மறுநாள் ஞாயிறு, தள்ளிப்போன வெள்ளிக்கிழமை ஆட்டத்தையும் சேர்த்து ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இரண்டிலும் தோற்றார்கள். அதை யாரும் வீடியோ போடுவதில்லை. அக்டோபரில் கோப்பை வென்றார்கள், சொந்த ஊரில் வெல்வது 1918-க்குப் பிறகு முதல்முறை. ஊர்வலம் மாரத்தான் முடியும் கோட்டில் நின்றது, கோப்பையைத் தரையில் வைத்து அந்த 617 சட்டையைப் போர்த்தினார்கள். அப்போதும் செயற்கைக் காலில் நடை பழகிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காகத் திரட்டிய நிதியில் முதல் தவணையாக ஏறக்குறைய 6 கோடி டாலர் பிரித்துக் கொடுத்தார்கள். உதவியதா? உதவியது. கால் வராது.

சரி, டிக்கெட். மலிவாக இருக்கிறதே என்று கிராண்ட்ஸ்டாண்டில் பின்வரிசையை எடுத்துவிடாதே. கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் கண்ணுக்கு நேரே நின்று பிட்சரை மறைக்கும். வாங்கும்போதே பார்வை மறைப்பு என்று குறிப்பு இருக்கிறதா என்று பார். அங்கே இருக்கைகள் பழைய மரம், குறுகல், உன் உருவத்துக்கு ஒன்றரை வேண்டும். வலது பக்கத் திறந்தவெளி பரவாயில்லை, கயலுக்கு அந்த ஒற்றைச் சிவப்பு நாற்காலியையும் காட்டலாம். 42-ஆம் பகுதி, 37-ஆம் வரிசை, 21-ஆம் எண். 1946-இல் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் 502 அடி அடித்த பந்து விழுந்த இடம். ஏப்ரல் வெயிலைப் பார்த்து ஏமாறாதே, நிழலில் உட்கார்ந்தால் பல் கிட்டிக்கும். இரண்டு அடுக்கு ஸ்வெட்டர். பெரிய பை வேண்டாம், வாசலில் திருப்பி அனுப்புவார்கள்.

ரயிலில் கிரீன் லைன் பி, சி, டி மூன்றும் கென்மோர் போகும். ஈ போகாது, அதில் ஏறிவிட்டு எனக்கு போன் பண்ணாதே. மாரத்தான் அன்று காப்ளி ஸ்டேஷன் மூடியிருக்கும். பாய்ல்ஸ்டனுக்கு அன்றைக்கே போக நினைக்காதே, கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை போங்கள். குண்டு வெடித்த இரண்டு இடத்திலும் 2019-இல் வைத்த கருங்கல் தூண்களும், பக்கத்தில் வளைந்து நிற்கும் வெண்கல விளக்குக் கம்பங்களும் இருக்கின்றன. நடைபாதையோடு நடைபாதையாக இருக்கும், தேடவேண்டும். பக்கத்திலேயே ஜனங்கள் காபி வாங்கிக்கொண்டு போவார்கள்.

எத்தனை டிக்கெட் என்று இந்த வாரத்துக்குள் சொல், விலை ஏறிக்கொண்டே போகிறது. மணியும் வருவதாக இருந்தால் மூன்றாகச் சொல், ஸ்கோர் எழுதும் வேலை மட்டும் அவனுக்கு வேண்டாம்.

உன்,
சேகர்