இந்த எறும்பின் பெயரைச் சொல்ல ஓர் இடம் வேண்டும்: ஒரு திறந்த மடல்

பயிர்த் தொற்றுத்தடுப்பு, வனம், பல்லுயிர்ப் பாதுகாப்பு ஆகிய பொறுப்புகளில் இருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் மேசையில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அதற்குள் எத்தனாலில் ஒரு ராணி எறும்பும் 41 வேலைக்கார எறும்புகளும் கிடக்கின்றன. குப்பியில் ஒட்டியிருக்கும் சீட்டில் தேதி, ஊர், கைக்கு வந்த விதம் ஆகிய எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். இனத்தின் பெயர் எழுத வேண்டிய கோடு மட்டும் வெறுமையாக இருக்கிறது. அந்த ஒரு கோட்டை நிரப்புவதற்காக ஏழு வாரம் அலைந்து, முடியாமல் போன பிறகே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒன்பது ஆண்டுகளாக எறும்பு வளர்த்து வருகிறேன். எல்லாம் நம் மண்ணின் எறும்புகள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் வாசல் விளக்கடியில் சிறகுதிர்ந்து ஓடும் கட்டெறும்பு ராணி ஒன்றைப் பிடித்து, பாதியளவு தண்ணீர் ஊற்றிப் பஞ்சடைத்த சோதனைக் குழாயில் இருட்டில் வைத்துவிட்டால், அவள் இரையே இல்லாமல், இனித் தேவைப்படாத தன் சிறகுத் தசைகளைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கிவிடுவாள். இதைப் பார்க்கும் ஆசைதான் என்னை இதற்குள் இழுத்தது. இன்று நம் இளைஞர்கள் பலருக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர்களில் சிலர் உள்ளூர் எறும்போடு நிறைவடையாமல் அயல்நாட்டு ராணிகளைக் காசு கொடுத்து வரவழைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கைப்பேசி வழியாக முகம் தெரியாத ஒருவரிடம் 3,000 ரூபாய் கொடுத்து ஒரு ராணியையும் ஒன்பது வேலைக்காரிகளையும் வாங்கினான். கூரியரில் வந்த குழாயில் 'மெஸ்ஸோர் பார்பாரஸ், ஸ்பெயின்' என்று எழுதியிருந்தது. அது விதை சேகரிக்கும் எறும்பு; ஐரோப்பாவில் புதிதாக வளர்க்கத் தொடங்குவோர் விரும்பி வாங்குவது. அவன் வைத்த விதைகளைவிடச் செத்த கரப்பான் காலை அவை மொய்த்த வேகத்தைப் பார்த்து ஐயம் வந்து, குழாயை என்னிடம் கொண்டுவந்தான்.

ஓர் எறும்பைக் கண்ணாடிக் குழாயின் சுவரோரம் ஒதுக்கிக் கைலென்சில் உணர்கொம்பின் கணுக்களை எண்ணினேன். மெஸ்ஸோருக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும். இதற்குப் பத்துதான் இருந்தன. கடைசி இரண்டும் தடித்துச் சிறு கதாயுதம் போல் இருந்தன. அப்படியானால் இது சோலெனாப்சிஸ், அதாவது நெருப்பெறும்பு. அந்தப் பேரினத்தில் எந்த இனம் என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து எப்போதோ நம் ஊரில் பரவிவிட்ட ஜெமினாட்டாவாக இருந்தால் பெரிய இழப்பில்லை. நம் உழவர்களின் காலை அது ஏற்கெனவே பதம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இன்விக்டாவாக இருந்தால் கதை வேறு. தென் அமெரிக்காவிலிருந்து 1930களில் அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் இறங்கி அமெரிக்காவின் தென்பகுதி முழுவதும் பரவியதும், பிரிஸ்பேனில் 2001இல் கண்டுபிடிக்கப்பட்டு ஆஸ்திரேலியா இன்றுவரை பெரும்பணம் செலவிட்டு எதிர்த்துப் போராடிக்கொண்டிருப்பதும் இந்த எறும்புதான். சிசிலியில் 88 கூடுகள் இருப்பதாக 2023இல் செய்தி வெளியானபோது ஐரோப்பாவே விழித்துக்கொண்டது.

இரண்டையும் பிரித்தறிய, வாய்க்கு மேலுள்ள தகட்டின் விளிம்பில் நடுவே ஒரு சிறு பல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்விக்டாவுக்கு உண்டு, ஜெமினாட்டாவுக்கு இல்லை. முதல் ஈட்டில் பிறக்கும் வேலைக்காரிகள் மிகச் சிறியவை. என் லென்சில் அது ஒரு நேரம் பல்லாகத் தெரிந்தது, மறுநேரம் வெறும் பளபளப்பாகத் தெரிந்தது. நல்ல நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் உள்ள ஒருவருக்கு இது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைத் தேடித்தான் நான் புறப்பட்டேன்.

முதலில் போன அலுவலகத்தில், எறும்பு வனவிலங்குப் பட்டியலில் இல்லை என்று சொல்லி வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, பயிரில் பிடித்த பூச்சியா என்று கேட்டார்கள். குழாயில் வந்தது என்றதும், அப்படியானால் எங்கள் வேலையில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த அலுவலர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். நான்காவது இடத்தில் மனுவை வாங்கி முத்திரை குத்தினார்கள். எறும்பை வாங்க மறுத்துவிட்டார்கள். மருந்தடித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள் என்று ஒருவர் அன்போடுதான் சொன்னார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஓர் ஆக்கிரமிப்பு இனம் நாட்டுக்குள் கூரியரில் வந்திருக்கலாம் என்று ஒரு குடிமகன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அதை வாங்கி வைக்கக்கூட ஒரு மேசை இல்லை என்பதை மட்டும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அந்த ஏழு வாரமும் அந்தக் குழாய் என் வீட்டில்தான் இருந்தது. தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தின் நடுவே டப்பா, டப்பாவின் விளிம்பில் டால்கம் பவுடர், அதற்குள் குழாய். இரவு இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பஞ்சு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்பது, பதினேழானது, முப்பதானது. ராணி முட்டையிட்டுக்கொண்டே இருந்தாள், வேலைக்காரிகள் அந்த முட்டைகளைக் குவியலாகச் சேர்த்து நக்கி நக்கிக் காத்தன. ஒன்பது ஆண்டுகளாக எந்தக் காட்சிக்காக விழித்திருந்தேனோ, அதே காட்சியைப் பயத்தோடு பார்க்க நேர்ந்தது. கடைசியில் குழாயை உறைபெட்டியில் வைத்தேன். மறுநாள் குப்பிக்கு மாற்றியபோது ராணியைச் சுற்றி அவை அத்தனையும் நெருக்கமாக ஒட்டியிருந்தன. ஒரு கூட்டத்தை நானே கொன்றது அதுவே முதல்முறை.

இது ஒரு தெருவின் கதை என்று தள்ளிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். 2025 ஏப்ரலில் கென்யாவில் ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளோடு இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டார்கள். 2,000க்கும் மேற்பட்ட குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஈரப்பஞ்சு. அடுத்த மாதம் நீதிமன்றம் அவர்களுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை விதித்தது. என் அலமாரியில் இருப்பதும் அதே குழாய், அதே பஞ்சு. சட்டைப்பையில் அடங்கும் இந்தச் சரக்கை ஊடுகதிர்க் கருவி எளிதில் காட்டிக்கொடுக்காது. நம்மிடமிருந்து வெளியே போகக்கூடியவையும் உண்டு. பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஜெர்டன் 1851இல் மெட்ராஸ் இலக்கிய அறிவியல் இதழில் விவரித்த தாவும் எறும்பு இன்று வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் பெரிதும் விரும்பும் ஒன்று.

சட்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. உயிருள்ள பூச்சிகளை அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாது என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அயல்நாட்டுச் செல்லப்பிராணிகளைப் பதிவு செய்யும் பரிவேஷ் என்ற அரசு இணையதளமோ, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலைச் சார்ந்தது. அதில் எறும்புக்கு இடமில்லை. சென்னை விமான நிலையத்தில் மலைப்பாம்பு பிடிபட்டால் அது எந்த மலைப்பாம்பு என்று அன்று மாலைக்குள் சொல்ல ஆள் இருக்கிறார். எறும்புக்கும் அப்படி ஒருவரைக் கேட்கிறேன். நாட்டில் எறும்பியலாளர்கள் இருக்கிறார்கள். சாதாரண மனிதனின் கையிலிருக்கும் குழாய் அவர்களைச் சென்றடைய வழிதான் இல்லை.

திண்டுக்கல் மாவட்டக் கரந்தமலை அடிவார ஊர்களில் 2022இல் என்ன நடந்தது என்பது தங்கள் கோப்புகளில் இருக்கும். மஞ்சள் எறும்புகள் ஆடுமாடுகளின் கண்களைத் தாக்குவதாக உழவர்கள் முறையிட்ட பிறகே அதன் பெயர் 'மஞ்சள் பைத்தியக்கார எறும்பு' என்று ஊருக்குத் தெரிந்தது. சில ஆண்டுகளாகவே அந்த எறும்பைக் காட்டில் கண்டதாக அம்மக்கள் சொன்னார்கள். முதன்முதலில் கண்ட நாளில் ஒரு கைப்பிடி எறும்பை அவர்கள் யாரிடம் கொடுத்திருக்க முடியும்? தோட்டத்திலும் வீட்டிலும் புதிய எறும்பை முதலில் பார்ப்பவர் உழவரும், ஆடு மேய்ப்பவரும், எங்களைப் போன்ற வளர்ப்பாளர்களுமே. எங்களைச் சந்தேகத்தோடு விரட்டினால், அடுத்த குழாய் தங்களிடம் வராது, சாக்கடையோரம் கொட்டப்படும்.

ஆகவே மீண்டும் கேட்கிறேன். மாவட்டந்தோறும் வேண்டாம், மாநிலத்துக்கு ஒன்று போதும்: ஐயத்துக்கிடமான எறும்பை அஞ்சலிலோ நேரிலோ பெற்றுக்கொண்டு, பதினைந்து நாளில் அதன் பெயரைச் சொல்லும் ஓர் இடம். கொண்டுவந்து கொடுப்பவர் மீது வழக்குப் போடுவீர்களா மாட்டீர்களா என்பதையும் தெளிவாக அறிவியுங்கள். அந்தத் தம்பி இன்னும் அந்தப் பயத்தில்தான் இருக்கிறான். அயல்நாட்டு ராணிகளை வளர்க்க அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. அவற்றின் விற்பனையைத் தடுங்கள் என்றே வேண்டுகிறேன்.

குப்பியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்துக்கு, எந்த நாளில், எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும் என்று தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஓர் எறும்பு வளர்ப்பாளன்