பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரை, "மாயமந்திரக் கதைப் புத்தகங்களைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிட்டுப் பயனுள்ள நூல்களைக் கொடுங்கள்" என்று பெற்றோருக்கு அறிவுரை கூறியிருந்தது. நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு பிள்ளையின் கையில் புத்தகம் நிலைப்பதற்குள் நாங்கள் படும் பாடு தாங்கள் அறியாததன்று. அப்படியிருந்தும் 'பிடுங்குங்கள்' என்று அச்சிட எப்படி மனம் வந்தது?

என் பேத்தி ஆறாம் ஆண்டு படிக்கிறாள். ஹாரி பாட்டர் ஏழு பாகங்களையும் முடித்துவிட்டாள். ஐந்தாம் பாகம் மட்டுமே எழுநூறு பக்கங்களைத் தாண்டும். சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்தப் பிரதி, தோழிகளிடையே கைமாறிக் கைமாறி முதுகு பிய்ந்து, பழுப்பு டேப்பின் தயவில் நிற்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் கூப்பிடும்வரை தூணில் சாய்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தாள். "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டார் உறவினர் ஒருவர்.

பள்ளியும் அந்த உறவினரைப் போலத்தான் பேசியது. வாசிப்புப் பதிவேட்டில் நூலின் பெயர், பக்கம், சுருக்கம் எல்லாம் எழுதியபின் 'படிப்பினை' என்றொரு கட்டம் உண்டு. அதில் அவள், "டாபி இறந்தபோது அழுதேன்" என்று எழுதினாள். சிவப்பு மையில் அதை அடித்துவிட்டு, 'நற்பண்பு ஒன்றை எழுதுக' என்று திருத்தியிருந்தார்கள். கதையில் வரும் ஓர் உயிருக்காக அழத் தெரிந்த பிள்ளைக்கு அதற்குமேல் என்ன படிப்பினை வேண்டும், ஐயா?

மாயக்கதை என்னவோ வெள்ளைக்காரன் கொண்டுவந்தது போலக் கட்டுரையாளர் எழுதுகிறார். 1947-இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமாவைச் சம்பள நாளில் டவுனிலிருந்து அப்பா வாங்கிவருவார். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கடியில் நாங்கள் அதைப் படித்தோம். முருங்கை மரம் ஏறிய வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் விக்கிரமாதித்தனிடம் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும். படுத்தபின்னும் அந்தக் கேள்விக்காக அண்ணனோடு வாதாடுவேன். இன்று நம் சிறுவர் நூல்களில் அந்தக் கேள்வி எங்கே போனது? கடைசி வரியில் நீதியைச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இயக்கம் நடத்திய சிறுவர் கதைப் போட்டிக்கு என் மாணவன் ஒருவன் எழுதினான். பட்டர்வொர்த் ஃபெரி நள்ளிரவில் திமிங்கிலமாக மாறி, கடைசிப் பயணியை நடுக்கடலுக்குக் கொண்டுபோகும் கதை. 'நடைமுறைக்கு ஒவ்வாதது' என்று திரும்பி வந்தது. பரிசு, சிக்கனத்தைப் பற்றிய கதைக்கு.

பல பதிப்பகங்கள் ஒதுக்கிய ஹாரி பாட்டர் முதல் பாகம் 1997-இல் எப்படி வெளிவந்தது தெரியுமா? பதிப்பகத் தலைவர் முதல் அத்தியாயத்தைத் தம் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். அவள் மீதியைக் கேட்டு நச்சரித்தாள். நாம் எந்தப் பிள்ளையைக் கேட்டு நூல் அச்சிடுகிறோம்? லெபோ பாசார் தெருக் கடைகள் பக்கம் போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்கென்று கேட்டால் பயிற்சி நூல்களைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் 1816-இல் தமிழ் வகுப்பு தொடங்கியதன் இருநூறாம் ஆண்டை 2016-இல் மாலையும் பொன்னாடையுமாகக் கொண்டாடினோம். பத்து வயதுப் பிள்ளை கீழே வைக்க மனமில்லாமல் படிக்கும் ஒரு தமிழ் மாயக்கதை அந்த மேடைகளில் வெளியிடப்பட்டு நான் பார்க்கவில்லை. தமிழில் கொடுக்காமல் இருந்துவிட்டு, ஆங்கிலத்தில் தானே தேடிக்கொண்டவளைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

தங்கள் சிறுவர் பக்கமும் சுருங்கிவிட்டது. போன மாதம் அதில் பாதியை ஒரு நடிகரின் பிறந்தநாள் படங்கள் எடுத்துக்கொண்டன. கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாரம் அரைப்பக்கம் ஒதுக்கி, இந்த நாட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு மாயக்கதைத் தொடரை வெளியிடுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வோர் அத்தியாயத்தையும் நான்கைந்து பிள்ளைகளிடம் படிக்கக் கொடுங்கள். எழுத ஆள் இல்லை என்றால், அந்தத் திமிங்கிலக் கதையை எழுதியவன் இப்போது பிறை நகரில் வேலை செய்கிறான். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறான். தாங்கள் சம்மதித்தால் அடுத்த வாரமே முதல் அத்தியாயத்தை வாங்கி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு